வலது பக்கத்துப் பற்கள்

பல்லக்காவுக்கு அந்தப் பெயர் இரண்டு தொழில்களால் வந்தது. முதல் இருபத்திரண்டு வருஷம் அவள் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தாள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களுக்குக் கடைவாய்ப் பல்லும் கோரைப்பல்லும் செதுக்கி, ராவி, மெருகேற்றிக் கொடுப்பது வேலை. பட்டறை முதலாளி இதைவிடப் பெரிய பட்டறை ஒன்றோடு சேர்ந்துகொண்டு ஊர் மாறியபோது, பல்லக்கா கூடப் போகவில்லை. நாற்பத்தேழு வயதில் வீட்டில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்குத்தான். இரண்டே மாதத்தில் வீட்டிலிருந்த கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மணை, தேங்காய்த் துருவி எல்லாவற்றையும் தீட்டி முடித்துவிட்டாள். தக்காளி நறுக்கப் போன கணவர் இரண்டு விரலில் கட்டோடு வந்து நின்றார். அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். விரல் இல்லாமல் பிழைப்பு இல்லை. அன்றைக்கே மச்சானுக்கு போன் போட்டார்.

“மச்சான், உன் அக்காவ உன் கடையில எங்கயாவது உக்கார வையி. வீட்ல இனிமே தீட்டுறதுக்கு என் நாக்கு ஒண்ணுதான் பாக்கி.”

தம்பியின் கடை மரம் அறுக்கும் மெஷின் ரம்பங்களை விற்றுப் பழுதும் பார்க்கும் கடை. முன்பக்கம் கண்ணாடி அலமாரி, அதில் வரிசையாகப் புது மெஷின்கள். பின்பக்கம் ஜன்னலை ஒட்டி நீளமான மேஜை, அதன் ஓரத்தில் இறுகப் பூட்டிய ஒரு வைஸ், சாமானை அசையாமல் கவ்விப் பிடிக்கும் இரும்பு இடுக்கி. பெட்ரோல், எண்ணெய், மரத்தூள் மூன்றும் கலந்த வாசனை வாசலிலேயே வந்து வரவேற்கும். தம்பி என்ஜின் வேலையில் கெட்டிக்காரன். ஆனால் ரம்பத்தில் பற்களோடு ஓடும் செயினைத் தீட்டுவது அவனுக்கு வேப்பங்காய். சுழலும் சாணைக்கல்லில் கொடுத்து சர் சர்ரென்று இழுத்துவிடுவான். பாதிப் பற்கள் சூட்டில் நீலம் பாரித்துப் போகும்.

பல்லக்கா வந்த மூன்றாம் நாள் அதைப் பார்த்தாள்.

“ஏன்டா, இதுக்கு எத்தன பல்லு?”

“முப்பத்தாறு. பதினெட்டு இடப் பக்கம் வெட்டும், பதினெட்டு வலப் பக்கம் வெட்டும். மாத்தி மாத்தி இருக்கும்.”

“மனுஷன விட நாலு அதிகம். இத போய் இப்படிக் கருக்கி வெச்சிருக்கியே” என்று சாணைக்கல்லின் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். பழைய பட்டறையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டாள். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி ஒற்றைக் கண் கண்ணாடி. கையில் உருட்டு அரத்தை எடுத்தாள். அன்றிலிருந்து அந்த மேஜை அவளுடையது.

கடைக்கு வழக்கமாக வரும் உருண்டைப் பல் செயின் அவளுக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அரத்துக்கு ஒரு பிடிமானச் சட்டம் உண்டு. அதை வைத்துக்கொண்டால் கோணமும் ஆழமும் தானாக அமைந்துவிடும். கவனம் இருந்தால் போதும், யாரும் தீட்டலாம். அவளுக்குச் சவாலாக வந்தது வேறு ஒன்று. அதைக் கொண்டுவந்தவன் நெட்டை.

நெட்டை ஒரு மரம் வெட்டும் குழுவுக்குத் தலைவன். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற கை. நட்டு வளர்த்த காடுகளில் முற்றிய மரங்களைச் சாய்ப்பது தொழில். வேறொரு காட்டில் வேலை பார்த்தபோது அங்கிருந்தவர்கள் வைத்திருந்த செயினைப் பார்த்து ஆசைப்பட்டு ஒன்று வாங்கி வந்திருந்தான்.

“அக்கா, இது சதுரப் பல்லு. உருட்டு அரம் வெச்சா செத்துரும். இதுக்கு அரமே வேற” என்று ஒரு தட்டை அரத்தையும் மேஜைமேல் வைத்தான்.

தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, “எதுக்குக்கா இந்த வம்பு? தெரியாதுன்னு சொல்லி அனுப்பு” என்றான்.

பல்லக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி வழியாகப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பல்லும் ஒரு சின்னக் கூரையும் அதிலிருந்து இறங்கும் ஒரு சுவரும் மாதிரி. உருண்டைப் பல்லில் அந்தக் கூரைக்கு அடியில் குழிவாக, ஸ்பூனால் தோண்டின மாதிரி இருக்கும். இதில் அப்படி இல்லை. இரண்டு தட்டையான முகங்கள் வந்து கூரையும் சுவரும் சேரும் மூலையில் சரியாக ஒட்டின. மரத்தை வெட்டுவது அந்த மூலைதான். அரத்தின் விளிம்பு உள்ளிருந்து அந்த மூலையின் நடுவில் போய் உட்கார வேண்டும். ஒரு மயிரிழை கீழே இறங்கினால் பல் கிளிமூக்கு மாதிரி வளைந்து சீக்கிரம் உடையும். ஒரு மயிரிழை மேலே ஏறினால் சுவர் பின்னால் சாய்ந்து மரத்தைத் தடவிக்கொடுக்கும், வெட்டாது. இதற்குப் பிடிமானச் சட்டம் கிடையாது. கண்ணும் கையும்தான்.

“பத்து நாள் குடு” என்றாள்.

முதல் நான்கு நாள் அவள் நெட்டையின் செயினைத் தொடவே இல்லை. தூக்கிப்போட வைத்திருந்த பழைய செயின்களில் அந்த முகங்களை இழுத்துப் பார்த்தாள். மூன்று செயின்கள் பாழாயின. இடப் பல்லுக்குக் குனிந்தால் இடக் கண்ணில் கண்ணாடி, வலப் பல்லுக்குக் குனிந்தால் வலக் கண்ணில். அப்படி மாற்றி வைத்துக்கொண்டால்தான் தலையின் நிழல் பல்லில் விழவில்லை. எட்டாம் நாள் கை படிந்தது. அரம் போகும்போது எழும் சத்தமே மாறியது. கீச்சென்று அழுதது போய், பட்டுத்துணி கிழிகிற மாதிரி வந்தது.

செயினை வாங்கிப்போன நெட்டை மறுநாளே வந்தான். பை நிறைய மரச்சீவல்.

“பாருங்கக்கா, தூளே இல்ல. செதில் செதிலா வருது. நான் அறுக்கல, ரம்பம் என்ன இழுத்துக்கிட்டுப் போகுது. பிடிச்சுக்கிட்டு நின்னா போதும்.”

இந்தப் பேச்சு பரவியதும், ரம்பம் வைத்திருந்த எல்லோருக்கும் சதுரப் பல் ஆசை பிடித்துக்கொண்டது. பல்லக்கா யாருக்கும் உடனே எடுத்துக் கொடுத்துவிடவில்லை. டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி வரிசையாகக் கேள்வி கேட்பாள். என்ன மரம்? நிற்கிற மரமா, விழுந்து கிடக்கிறதா? பட்டையில் மண் உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? மழுங்கினால் இங்கே கொண்டுவர முடியுமா?

வேலிக்கம்பம் நடும் ஒருவர், எல்லோரும் வேலிக்காரர் என்பார்கள், அவர் கோபித்தே விட்டார்.

“அவனுக்கு மட்டும் நல்ல சரக்கு, எனக்கு மட்டும் பழசா?”

“பழசு இல்லங்க. உங்க கட்ட தரையில கிடந்து மண்ணு ஒட்டி வருது. சதுரப் பல்லுக்கு மூலதான் உயிரு. ரெண்டு மணல் பட்டா மூல போயிடும். அப்புறம் அது வெண்டைக்காய்கூட நறுக்காது. உருண்டைப் பல்லு கொஞ்சம் மெதுவா போகும், ஆனா அடி தாங்கும். உங்களுக்கு அதுதான்.”

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உருண்டைப் பல்லை வாங்கிப் போனார். கடைசியில் ஏழு பேருக்குத்தான் அவள் சதுரப் பல் கொடுத்தாள். சுத்தமான, நிற்கிற மரத்தை வெட்டுகிறவர்கள். ஏழு பேரும் தீட்டுவதற்கு அவளிடமே வந்தார்கள். ஐந்து வருஷம் இப்படி ஓடியது.

ஆறாம் வருஷம் நெட்டை ஒரு காலைப் பொழுதில் மரவட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். அறுத்த முகம் தட்டையாக இல்லை. ஒரு பக்கம் சரிந்து, தட்டில் ஊற்றிய தோசை மாவு மாதிரி ஒதுங்கியிருந்தது.

“அக்கா, செயின் இடப்பக்கமா ஓடுது.”

“செயின் ஓடுற தகட்டப் பாத்தியா? தேஞ்சிருக்கும்.”

“புதுத் தகடு.”

“கல்லுல விட்டிருப்ப.”

நெட்டை மரவட்டைத் தன் பக்கம் திருப்பினான். பிறகு மெதுவாகச் சொன்னான். “அஞ்சு வருஷத்துல உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கனா? கல்லுல விட்டா கல்லுல விட்டேன்னு சொல்லுவேன்.”

அவன் செயினை விட்டுவிட்டுப் போனபிறகு பல்லக்காவுக்குப் பொறுமிக்கொண்டு வந்தது. அளவுகோலை எடுத்து ஒவ்வொரு பல்லின் நீளத்தையும் அளந்தாள். முப்பத்தாறும் ஒரே அளவு. பற்களுக்கு முன்னால் சின்னதாகத் திமில் மாதிரி ஒன்று இருக்கும், பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்துவது அதுதான். அதையும் அளந்தாள். ஒரே மட்டம். கண்ணாடியை வைத்து மூலை மூலையாகப் பார்த்தாள். அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இருந்தாலும் மொத்தத்தையும் இன்னொரு முறை தீட்டிக் கொடுத்தனுப்பினாள்.

அன்று மாலை வீட்டில் டீ ஊற்றும்போது கணவர் சொன்னார், “டம்ளருக்கு வெளியில ஊத்துற.”

“நீங்க கைய ஆட்டுறீங்க.”

“நான் டம்ளரையே தொடலம்மா. அது மேஜைமேல நிக்குது.”

அவள் எரிந்து விழுந்தாள். அவர் ஒரு துணியை எடுத்து மேஜையைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர். எங்கே ஹாரன் அடிக்கக் கூடாது என்று தெரிந்தவர்.

ஒன்பது நாள் கழித்து நெட்டை மறுபடி வந்தான். இந்த முறை கையில் மரவட்டு இல்லை. செயினும் ஐந்து லிட்டர் பெட்ரோல் கேன் ஒன்றும் இருந்தன. கேன் என்று சொல்லித்தான் தெரியும். அப்பளம் மாதிரி நசுங்கிக் கிடந்தது.

“மரம் நான் சொன்ன பக்கம் விழலக்கா. பின் வெட்டு போட்டப்ப செயின் உள்ளயே வளைஞ்சு போயிருக்கு. வெட்டாம விட்ட நார்தான் மரத்தத் திரும்பாமப் பிடிச்சிருக்கும், அது ஒரு ஓரத்துல மெலிஞ்சு, மரம் திரும்பிடுச்சு. இந்த கேன் மேல விழுந்துச்சு. கேனுக்கும் எங்க ஆள் ஒருத்தனுக்கும் நடுவுல நாலு எட்டு.”

“அவருக்கு ஏதாவது…”

“ஒண்ணும் ஆகல. பயந்துட்டான், அவ்வளவுதான். நான் பாதியிலயே கவனிச்சு நிறுத்தியிருக்கணும். தப்பு என் பேர்லயும் இருக்கு. ஆனா அக்கா, செயின் சரியில்ல.”

பல்லக்கா கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தாள். நசுங்கிய கேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை கல், தகடு என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

செயினை வைஸில் மாட்டினாள். பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், ஐந்து வருஷத்தில் முதன்முறையாகத் தம்பியைக் கூப்பிட்டாள்.

“டேய், இங்க வா. இதக் கொஞ்சம் பாரு.”

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். இரண்டு பல் பார்த்தான், மூன்று பல் பார்த்தான்.

“இடப் பல்லு சுத்தமா இருக்கு. வலப் பல்லுல மூலைக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைக் கோடு தெரியுது.”

கூர்மையான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. வெள்ளையாக மின்னினால் அங்கே முனை மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

“எந்தப் பல்லு?”

“எல்லாத்துலயும்தான்.”

“உனக்கு என்ன தெரியும், குடு இங்க.”

கண்ணாடியைப் பிடுங்கி வலக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். கோடு இல்லை. “எங்கடா?” என்றாள். “அக்கா, இதோ, இங்கதான்” என்று அவன் ஊசிமுனையால் தொட்டுக் காட்டினான். ஊசி தெரிந்தது, கோடு தெரியவில்லை. எதற்கோ கண்ணாடியை இடக் கண்ணுக்கு மாற்றினாள். கழுத்தை ஒடித்துக் குனிந்து பார்த்தாள்.

வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது.

மறுபடி வலக் கண். இல்லை. இடக் கண். இருக்கிறது. நான்கைந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இடக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடையின் பெயர்ப்பலகை புகைக்குள் நிற்கிற மாதிரி நின்றது. எத்தனை மாதமாக இப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு கண் பார்த்ததை வைத்து இன்னொரு கண் சமாளித்துக்கொண்டே வந்திருக்கிறது.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தம்பியிடம் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

“செயின்ல குறையில்ல. என் வலக் கண்ணுல இருக்கு.”

மறுநாள் கணவர் கூடவே வந்தார். கண் டாக்டரம்மா சின்னப் பெண். விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கண்புரை என்றார். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், மூன்று வாரம் கழித்துத் தேதி.

“எத்தன நாளா மங்கலா இருக்குது?”

“மங்கலா இருக்குன்னே எனக்குத் தெரியாது டாக்டர். ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சுக்கிட்டுத்தான வேல பாத்தேன்.”

“டீ வெளியில ஊத்துனப்பவாவது வந்திருக்கலாம்” என்றார் கணவர், டாக்டரைப் பார்த்து. நேராக மனைவியைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் துணிவு இல்லை.

வேறு ஆளாக இருந்தால் மூன்று வாரம் லீவு போட்டிருப்பார்கள். பல்லக்கா மறுநாள் காலையில் கடைக்கு வந்தாள், நேரே போனுக்குப் போனாள்.

“யாருக்கு?” என்றான் தம்பி.

“சதுரப் பல்லு வெச்சிருக்க மத்த ஆறு பேருக்கு. உருண்டைப் பல்லுல சட்டம் இருக்கு, அது பாத்துக்கும். இதுல என் கண்ண நம்பித்தான் கை போயிருக்கு. எல்லாத்தையும் திருப்பிக் கொண்டுவரச் சொல்லணும்.”

தம்பி எழுந்து வந்துவிட்டான். “அக்கா, யாரும் ஒண்ணும் கேக்கல. அடுத்த தடவ தீட்ட வரும்போது சரி பண்ணிக் குடுத்துட்டாப் போச்சு. நாமளே எதுக்கு ஊரக் கூட்டிச் சொல்லணும்? கடை பேரு என்னாகும்?”

“அந்தக் கேன எங்க வெச்ச?”

தம்பி மேஜைக்கு அடியில் கையைக் காட்டினான்.

“நாலு எட்டுன்னான். நாலு எட்டு” என்று சொல்லிவிட்டு அவள் எண்ணை அழுத்தினாள்.

ஆறு போனும் ஒரே மாதிரி போகவில்லை. ஒருவர், “எனக்கு ஒண்ணும் தெரியலயே, நல்லாத்தான் வெட்டுது” என்று அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். பூங்கா மரங்களைப் பராமரிக்கும் அம்மா சிரிக்கவில்லை, சத்தமும் போடவில்லை. “இன்னைக்கே அனுப்புறேன், சொன்னதுக்கு நன்றி” என்று வைத்துவிட்டார். அந்த நன்றி பல்லக்காவை நாள் முழுக்க உறுத்தியது. சேர்ந்து தொழில் செய்யும் அண்ணன் தம்பி இருவரின் வீட்டில்தான் பெரிய கூத்து. அண்ணன்தான் போனை எடுத்தான். விஷயத்தைக் கேட்டதும் தன் தம்பியைப் பார்த்துக் கத்தினான்: “டேய், நீ கோணலாப் பிடிக்கலயாம்டா! செயின்தானாம்!” இரண்டு மாதமாக அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டு, சரியாகச் சாப்பிடக்கூட ஒன்றாக உட்காரவில்லையாம்.

எப்படியோ செய்தி வேலிக்காரர் காதுக்கும் போனது. கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார், “நல்லவேளை, எனக்குத் தரல நீங்க!” அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியைப் பல்லக்கா அதுவரை பார்த்ததில்லை.

ஏழு செயின்களும் வந்து சேர்ந்தன. மூன்று வாரம் அவர்களைக் காத்திருக்க வைக்க அவளுக்கு மனமில்லை. ஒற்றைக் கண்ணோடு செய்ய ஒரு வழி கண்டுபிடித்தாள். வலப் பல் வரும்போது வைஸையே கழற்றி மேஜையின் மறுமுனையில் பூட்டி, எதிர்ப்பக்கம் போய் நின்று, இடக் கண்ணால் பார்த்துக்கொண்டு இடக்கையால் அரம் பிடித்தாள். பழகாத கை. ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு போதும் என்பது போய் எட்டு, ஒன்பது ஆனது. நான்கு நாளில் கழுத்து திரும்பவில்லை. ஒவ்வொரு பல்லும் முடிந்ததும் தம்பியைக் கூப்பிடுவாள். அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு “சரி” என்பான், அல்லது “இல்ல” என்பான்.

“நல்லாப் பாருடா.”

“பாத்துட்டேன். இல்ல.”

“பாக்காமலே இல்லங்குற.”

“அக்கா, உனக்குத்தான் கண்ணு தெரியல, எனக்கு இல்ல.”

செயின் என்றாலே ஓடுகிறவன், மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் வலப் பல் ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “கிளிமூக்கு விழுந்திருக்கு, நீ எடு இத” என்றான். அவள் எடுத்தாள். அவன் சொன்னது சரிதான்.

ஆபரேஷன் கால் மணி நேரத்தில் முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தபோது, முதலில் அவள் கவனித்தது ஆஸ்பத்திரிச் சுவரை. அவ்வளவு வெள்ளையை அவள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அடுத்துக் கணவரைப் பார்த்தாள்.

“உங்க தலை இவ்வளவு நரைச்சிருச்சா?”

“இத்தன நாள் என்ன ஒரு குறையில்லாமப் பாத்துக்கிட்ட. இனிமேதான் எனக்குக் கஷ்டம்” என்றார் அவர்.

தூசி படக் கூடாது என்று ஒரு மாதம் கடைக்குப் போக விடவில்லை. அந்த மாதம் முழுக்க அவள் வீட்டில் மூலை முடுக்கில் கிடந்த அழுக்கையெல்லாம் கண்டுபிடித்து, கணவரை விட்டுத் துடைக்க வைத்தாள். கடைக்குத் திரும்பிய அன்று, நெட்டையின் செயினைத்தான் முதலில் எடுத்தாள். வலக் கண்ணில் கண்ணாடியை வைத்ததும் மூலை அப்படியே எதிரில் வந்து நின்றது. மூன்று இழுப்பு. அடுத்த பல். மூன்று இழுப்பு.

நெட்டை வாங்க வந்தபோது செயினை அவன் கையில் கொடுக்காமல், “நானும் வரேன்” என்றாள். ஐந்து வருஷத்துக்கு மேல் செயின் தீட்டியும் தன் செயின் ஒரு மரத்தைச் சாய்ப்பதை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

காட்டில் அவளுக்கு ஒரு தலைக்கவசம் கொடுத்து, மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு பங்கு தள்ளி நிற்க வைத்தார்கள். கேன் நசுங்கிய அன்று நாலு எட்டில் தப்பிய ஆளும் பக்கத்தில் நின்றான். குட்டையான, சிரித்த முகம். அவனைப் பார்த்ததும் பல்லக்காவுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. “என் கண்ணுலதான் தப்பு” என்றாள். “எனக்குத் தெரியும்கா, நெட்டை சொன்னான். என் வீட்டுக்காரிதான் போயி முதல்ல கண்ணக் காட்டிக்கிட்டா, எதுக்கும் இருக்கட்டும்னு” என்றான்.

நெட்டை மரம் விழ வேண்டிய இடத்தில் தரையில் ஒரு முளையை அடித்துவிட்டு வந்தான். விழும் பக்கத்தில் முன் வெட்டு. பிறகு பின்னாலிருந்து வெட்டு. பெரிய வெள்ளைச் செதில்கள் அவன் காலடியில் குவிந்தன. மரம் மேலே ஒரு முறை தலையை அசைத்தது. நிதானமாகச் சாய்ந்தது. தரை அதிர்ந்ததை அவள் பாதம் உணர்ந்தது. தூசி அடங்கியதும் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். முளை மண்ணுக்குள் போயிருந்தது. மரத்தின் நடுத்தண்டு சரியாக அதன்மேல் கிடந்தது.

பல்லக்கா முளையைப் பார்க்கப் போகவில்லை. அடிக்கட்டைக்குப் போனாள். அறுத்த முகத்தில் உள்ளங்கையை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடவினாள். எங்கும் மேடில்லை, பள்ளமில்லை. நார் இரண்டு ஓரத்திலும் ஒரே தடிமனாக நின்றிருந்தது.

“இன்னொண்ணு வெட்டு” என்றாள்.

“ஏன், இது சரியில்லயா?”

“சரியாத்தான் இருக்கு. இன்னொண்ணும் பாக்கணும்.”

மூன்று மரம் முடிந்து நான்காவதைக் காட்டியபோது நெட்டை கும்பிடு போட்டான். “அக்கா, காட்டையே காலி பண்ணச் சொல்றீங்களா? சாப்பிட விடுங்க.”

அடுத்த வருஷம் இடக் கண்ணிலும் புரை தொடங்கியது. இந்த முறை அவளே கண்டுபிடித்தாள். டாக்டரம்மாவிடம் போய்த் தேதி வாங்கிக்கொண்டு வந்து தம்பியிடம் சொன்னாள். அவன் அட்டை ஒன்றில் கொட்டை எழுத்தில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டான்: ‘சதுரப் பல் ஒரு மாதம் கிடையாது. உருண்டைப் பல் மட்டும்.’ ஆனால் அந்த ஒரு மாதத்தில் பூங்கா அம்மாவின் செயின் ஒன்று மட்டும், அவசரம் என்று கெஞ்சியதால், தீட்டித் தரப்பட்டது. தீட்டியவன் தம்பி. பல்லக்கா கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அதை நெற்றிக்கு ஏற்றி, போன வருஷம் ஆபரேஷன் ஆன வலக் கண்ணில் பூதக்கண்ணாடி வைத்து முப்பத்தாறு பல்லையும் பார்த்தாள். இரண்டைத் திருப்பி அனுப்பினாள். முப்பத்துநான்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தம்பி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, அந்த இரண்டைச் சரிசெய்யக் கடைக்குத் திரும்பினான்.